கப்பல் தட்டின் அடியில் என்ன எழுதியிருக்கிறது

என் அலமாரியில் நல்ல வெளிச்சம் விழும் இடத்தில் வைத்திருப்பது தங்க விளிம்பு போட்ட தட்டு இல்லை. தடித்த வெள்ளைக் குவளை ஒன்று. கைப்பிடி சேரும் இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், உள்பக்கம் நாள்பட்ட தேநீர்க் கறை, வெளியே ஒரு சிவப்புக் கொடி, அதன் நடுவே வெள்ளை நட்சத்திரம். ஒயிட் ஸ்டார் லைன் என்ற கப்பல் கம்பெனியின் மூன்றாம் வகுப்புக் குவளை அது. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் அதைக் கவனிப்பதில்லை, பக்கத்தில் இருக்கும் நீலமும் தங்கமுமான தட்டைத்தான் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். நான் இருக்கிற எல்லாவற்றிலும் அந்தக் குவளைக்குத்தான் அதிகம் பயப்படுகிறேன், அது உடைந்துவிடக் கூடாது என்று.

பழைய பெருங்கடல் பயணக் கப்பல்களின் பீங்கான் பாத்திரங்களைச் சேர்க்க ஆரம்பித்து வருடங்கள் ஆகிவிட்டன. விமானம் வந்து கதையை மாற்றுவதற்கு முன், கண்டம் விட்டுக் கண்டம் போக வேண்டுமென்றால் இந்தக் கப்பல்கள்தான். ஒரு வாரமோ ஒரு மாதமோ ஆயிரக்கணக்கான பேர் தண்ணீரின் மேல் வாழ்ந்தார்கள், மூன்று வேளை சாப்பிட்டார்கள். டைட்டானிக்கில் ஏற்றிய பொருள்களின் பட்டியல் அச்சில் இருக்கிறது. சாப்பாட்டுத் தட்டு மட்டும் 12,000. தேநீர்க் கோப்பை 3,000. காலை நேரத்தில் மேல்தளத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மாட்டிறைச்சிச் சாறு கொடுப்பார்கள், அதற்கென்றே தனியாக 3,000 கோப்பைகள். ஒரு கப்பலுக்கே இவ்வளவு என்றால், நூறு வருடத்தில் ஓடிய கப்பல்கள் எல்லாவற்றுக்கும் எத்தனை தட்டு சூளையில் வெந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதில் மிச்சம் இருப்பவைதான் நம் கைக்கு வருகின்றன.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது ஒரே கேள்வி: "இது எந்தக் கப்பலில் இருந்தது?"

தெரியாது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது, இனி தெரியப்போவதும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்கே ரொம்ப நாள் ஆனது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் தட்டில் கப்பலின் பெயரைப் போடவில்லை, கம்பெனியின் அடையாளத்தைத்தான் போட்டன. காரணம் எளிது. பீங்கான் உடையும். கடல் கொந்தளித்தால் இன்னும் உடையும். ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக நிரப்ப வேண்டும். கிடங்கில் ஒரே மாதிரித் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தால் எந்தக் கப்பலுக்கு வேண்டுமானாலும் எடுத்துக் கொடுக்கலாம், பெயர் போட்டால் அந்த வசதி போய்விடும். அதனால் ஒயிட் ஸ்டாரின் ஒலிம்பிக் கப்பலில் பரிமாறிய தட்டும் அதே கம்பெனியின் டைட்டானிக்கில் பரிமாறிய தட்டும் ஒரே அச்சு, ஒரே வண்ணம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இது தெரியாமல்தான் நான் ஆரம்பத்திலேயே ஏமாந்தேன். ஒரு விற்பனையாளர் காட்டிய தட்டில் கம்பெனிக் கொடியும் அதற்குக் கீழே 'ஆர்.எம்.எஸ். டைட்டானிக்' என்ற எழுத்தும் இருந்தன. பார்த்ததும் மனம் படபடவென்று அடித்துக்கொண்டது. வாங்கி வந்து இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மூன்றாம் நாள் பகல் வெளிச்சத்தில் நிதானமாகத் திருப்பிப் பார்த்தபோதுதான் அடிப்பாகத்தில் ஓர் இடம் மட்டும் சொரசொரவென்று இருப்பது விரலுக்குத் தட்டுப்பட்டது. அங்கே இருந்த புதுக்கால முத்திரையை யாரோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. கொடி மெருகுப் பூச்சுக்கு மேலே ஒட்டியிருந்தது, நகத்தால் வருடினால் அதன் ஓரம் தடுக்கியது. சாப்பிட்ட தட்டு என்றால் கத்தி கிழித்த மெல்லிய கோடுகள் நடுவில் இருக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. மேசையில் ஆயிரம் முறை இழுபட்ட தட்டின் அடி வளையம் தேய்ந்து மங்கலாக இருக்கும், இது புத்தம் புதுசாகப் பளிச்சென்று இருந்தது. அந்தத் தட்டை இன்னும் வைத்திருக்கிறேன், அலமாரியில் இல்லை, ஒரு பெட்டியில். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டி, எங்கெங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன்.

சரி, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். டைட்டானிக் 1912 ஏப்ரல் 10 அன்று சௌதாம்ப்டனில் இருந்து கிளம்பியது. செர்பூர், குயின்ஸ்டவுன் என்று இரண்டு இடங்களில் நின்றது. 15-ஆம் தேதி அதிகாலையில் மூழ்கிவிட்டது. ஒரே ஒரு பயணம், அதுவும் முடியவில்லை. அப்படியென்றால் அதிலிருந்து ஒரு தட்டு கரைக்கு வர என்ன வழி? அந்த இரண்டு துறைமுகங்களில் இறங்கிய சிலர் எடுத்துப் போயிருக்க வேண்டும், அல்லது உயிர்காப்புப் படகில் ஏறும் அவசரத்தில் யாராவது தட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடலடியில் இருந்து வந்திருக்க வேண்டும். சிதைவைக் கண்டுபிடித்தது 1985 செப்டம்பரில், பொருள்களை மேலே கொண்டுவர ஆரம்பித்தது 1987-ல். அப்படி வந்தவை நீதிமன்றம் விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு ஒரே தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன, ஒன்றொன்றாகப் பிரித்து விற்க முடியாது. ஆகவே டைட்டானிக் தட்டு என்று யாராவது உங்களிடம் நீட்டினால் இந்த மூன்று வழிகளில் எது என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் அவர் முகத்தையும் பாருங்கள்.

கடலடியில் எடுத்த ஒரு படம் என் மனதைவிட்டு அகலவே இல்லை. வெள்ளைப் பீங்கான் பாத்திரங்கள் வரிசை வரிசையாக, யாரோ இப்போதுதான் அடுக்கி வைத்தது போல மணலில் நிற்கும். மரப்பெட்டியோடு கீழே போய் உட்கார்ந்திருக்கின்றன, மரம் காலப்போக்கில் மக்கிப் போய்விட்டது, அடுக்கு மட்டும் அடுக்காகவே நின்றுவிட்டது. கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் ஆழத்தில், இரும்பே துருவாகி ஒழுகிக்கொண்டிருக்கும் இடத்தில். சேகரிப்பு என்பது ஏதோ பணக்காரர் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்களுக்கு நான் அந்தப் படத்தைத்தான் காட்டுவேன்.

கப்பல் பெயர் இல்லை என்றால் அப்புறம் அந்தத் தட்டில் படிக்க என்னதான் இருக்கிறது என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது, எனக்கு இதில் பிடித்ததே அதுதான். தட்டை வாங்கியதும் முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பி அடியைப் பாருங்கள்.

ஒயிட் ஸ்டார் பாத்திரங்கள் பலவற்றின் அடியில் 'ஸ்டோனியர், லிவர்பூல்' என்று இருக்கும். நான் நெடுநாள் அதைத் தயாரிப்பாளர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டோனியர் கப்பல் கம்பெனிக்குப் பாத்திரம் சப்ளை செய்த கடை. செய்தவர் வேறு, விற்றவர் வேறு, பயன்படுத்தியவர் வேறு. மூன்று பெயரும் ஒரே தட்டில் இருக்கலாம், ஒன்றுமட்டும் இருக்கலாம். ஒயிட் ஸ்டாரின் உயர்ரகத் தட்டுகளில் ஓ, எஸ், என், சி என்ற ஆங்கில எழுத்துகள் பின்னிப் பிணைந்த ஒரு சின்னம் வரும். ஓஷனிக் ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்பது அந்த நிறுவனத்தின் சட்டப் பெயர், ஒயிட் ஸ்டார் என்பது ஊர் அழைத்த பெயர். இது தெரியாமல் எத்தனை பேர் அந்தத் தட்டை ஏதோ ஹோட்டல் தட்டு என்று கடந்து போயிருப்பார்கள்! ஜெர்மன் கப்பல்களில் வேறு அடையாளங்கள். நார்ட்டாய்ச்சர் லாய்டு கம்பெனிக்கு நங்கூரமும் சாவியும் குறுக்காக இருக்கும், அந்தச் சாவி பிரேமன் நகரத்தின் சின்னம்.

அப்புறம் வருடம். இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் வட்டாரத்தில்தான் இவற்றில் பெரும்பகுதி செய்யப்பட்டன, அந்த ஊர்க்காரர்கள் கணக்கில் கறார். 1842 முதல் 1883 வரை வடிவத்தைப் பதிவு செய்தால் அடியில் வைர வடிவக் குறி போடுவார்கள். 1884-ல் இருந்து அதை விட்டுவிட்டுப் பதிவு எண் போட ஆரம்பித்தார்கள், அந்த எண்ணை வைத்து எந்த வருடம் பதிவானது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒன்று, அது வடிவம் பதிவான வருடம், உங்கள் கையில் இருக்கும் தட்டு சூளையில் இருந்து வந்த வருடம் இல்லை. ஒரு நல்ல வடிவத்தை முப்பது வருடம்கூட ஓட்டுவார்கள். தட்டு பிறந்த வருடம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். மின்டன் நிறுவனம் 1842-ல் இருந்து 1942 வரை வருடத்துக்கு ஒரு குறியீடு வைத்திருந்தது, ஈரக் களிமண்ணிலேயே அழுத்திவிடுவார்கள். கோப்லாண்ட் நிறுவனம் மாதத்துக்கு ஓர் எழுத்தும் வருடத்துக்கு இரண்டு இலக்கமும் அழுத்தியது. அந்தக் குறி கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்தால் நிழலில் மெல்ல எழும்பி வரும். முதல்முறை அப்படி ஒரு குறி தெரிந்தபோது வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

'இங்கிலாந்து' என்ற சொல்கூட ஒரு தடயம்தான். 1890-ல் அமெரிக்கா ஒரு சுங்கச் சட்டம் கொண்டுவந்து, இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டில் செய்தது என்று எழுத வேண்டும் என்றது. அதனால் நாட்டின் பெயர் அடியில் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. 'கூனார்ட் ஒயிட் ஸ்டார்' என்று இரண்டு பெயரும் சேர்ந்து இருந்தால் 1934-க்கு முன் இருக்கவே முடியாது, ஏனென்றால் அந்த வருடம்தான் பொருளாதார நெருக்கடியில் இரண்டு போட்டிக் கம்பெனிகளும் ஒன்றாக்கப்பட்டன. அந்தப் பெயர் போட்ட ஒரு தட்டை 1912-ஆம் வருடத்துத் தட்டு என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்து சொன்னார். அவர் ஏமாற்றவில்லை என்றுதான் நினைக்கிறேன், அவருக்கு யாரோ சொன்னதை எனக்குச் சொன்னார்.

இனி வகுப்பு. இதைப் பற்றிப் பேசாமல் கப்பல் பீங்கானைப் பற்றிப் பேச முடியாது. ஒரே கப்பல், ஒரே கடல், ஆனால் தட்டைப் பார்த்தே யார் எந்தத் தளத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று சொல்லிவிடலாம். ஒயிட் ஸ்டாரில் முதல் வகுப்புக்குப் பழுப்பும் வெளிர் நீலப்பச்சையும் கலந்த கொடிப்பூ வேலைப்பாடு, சேகரிப்பவர்கள் விஸ்டீரியா என்பார்கள். இரண்டாம் வகுப்புக்கு நீலமும் வெள்ளையுமான பூ வேலைப்பாடு. டைட்டானிக்கில் தனியாகக் காசு கொடுத்துச் சாப்பிடும் ஓர் உணவகம் இருந்தது, கேட்டி என்ற இத்தாலியர் நடத்தினார், அதற்கு ராயல் கிரவுன் டெர்பி நிறுவனம் பச்சையும் தங்கமுமாகத் தட்டு செய்து கொடுத்தது. மூன்றாம் வகுப்புக்கு? வெள்ளை. தடிமன். நடுவில் சிவப்புக் கொடி. அவ்வளவுதான்.

அந்த 'அவ்வளவுதான்' எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெகுகாலம் கீழ்த்தளத்தில் நாடுவிட்டு நாடு போன ஏழைகள் தங்கள் தட்டு, குவளை, கரண்டி, படுக்கை எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவர வேண்டும். பெரும்பாலும் தகரத் தட்டு. பயணம் முடிந்ததும் எத்தனையோ பேர் அதைக் கடலிலேயே எறிந்துவிடுவார்கள். அப்படிப் போன தலைமுறைக்கு அடுத்த தலைமுறை ஒரு சாப்பாட்டு அறையில், மேசை போட்டு, கம்பெனி கொடுத்த பீங்கான் தட்டில், இன்னொருவர் பரிமாறச் சாப்பிட்டது. அவர்களில் பலருக்கு வீட்டில்கூட அப்படி நடந்திருக்காது. முதல் வகுப்புத் தட்டில் எனக்குத் தெரிவது செல்வம் மட்டும்தான், அது எங்கும் பார்க்கக் கிடைக்கிறது. அந்த வெள்ளைக் குவளையில் ஒரு காலமே மாறியது தெரிகிறது. ஒருநாள் அம்மா அதைக் கையில் எடுத்து, கைப்பிடியில் விரலை நுழைத்துப் பார்த்துவிட்டு, "இதுல யாரு குடிச்சிருப்பா?" என்று கேட்டார். எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை. அதற்கும் என்னிடம் பதில் இல்லை, ஆனால் அந்தக் கேள்விதான் சரியான கேள்வி என்று அப்போதே பட்டது.

பீங்கானின் உடம்பிலும் வித்தியாசம் உண்டு. உயர்ரகத் தட்டுகளில் பல, போன் சைனா. எலும்புச் சாம்பல் கிட்டத்தட்டப் பாதி சேர்ந்திருக்கும். விளக்குக்கு எதிரே பிடித்து, பின்னால் விரலை அசைத்தால் விரலின் நிழல் தெரியும். மூன்றாம் வகுப்புப் பாத்திரங்களும் ஊழியர்கள் சாப்பிட்டவையும் ஒளி புகாத தடித்த வகை. விளிம்பை உருட்டிக் கனமாக விட்டிருப்பார்கள், மோதினால் சில்லு பெயராமல் இருக்க. ஒன்றை விரலால் மெல்லச் சுண்டிப் பாருங்கள். முழுசாக இருந்தால் கணீர் என்று கேட்கும், உள்ளே விரிசல் இருந்தால் டொக் என்று மடங்கிவிடும். ஒட்டுப் போட்டு வண்ணம் பூசி மறைத்திருந்தால் இருட்டில் புற ஊதா விளக்கு அடித்துப் பார்க்கலாம், புதுப் பசை தனியாக ஒளிரும். சின்ன விளக்குதான், எப்போதும் என் பையில் இருக்கும்.

கடல் ஆடும், மேசை ஆடும், தட்டு வழுக்கும். அதனால் காற்று வலுத்தால் மேசை விரிப்பை ஈரமாக்கிவிடுவார்களாம், பீங்கான் பிடித்து நிற்கும். மேசை ஓரத்தில் சின்ன மரச்சட்டங்களைத் தூக்கி நிறுத்துவார்கள். ஆனாலும் இந்தப் பிரச்சினைக்கு வந்த விடைகளிலேயே அழகானது என்று எனக்குத் தோன்றுவது கூனார்ட் கப்பல்களில் இருந்த சதுர டீப்பாட்தான். ராபர்ட் கிராஃபோர்ட் ஜான்சன் என்பவர் 1917-ல் காப்புரிமை வாங்கிய வடிவம். கனசதுரம் போல இருக்கும். நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு கிடையாது, ஒரு மூலையே மூக்கு, எதிர் மூலைக்குள் கைப்பிடி அடங்கிவிடும், மூடிகூட மேலே துருத்தாது. மூக்குதான் டீப்பாட்டில் முதலில் உடையும், மூக்கே இல்லாவிட்டால் என்ன உடையும்? ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் ஒட்டி அடுக்கலாம், ஒன்றின் மேல் ஒன்றும் வைக்கலாம், உருளாது. குயின் மேரியில் இருந்தது, 1969-ல் முதல் பயணம் போன குயின் எலிசபெத் 2-லும் இருந்தது. அரை நூற்றாண்டு தாண்டி ஒரு வடிவம் மாறாமல் கடலில் வேலை செய்திருக்கிறது! என்னிடம் இருப்பதன் மூலை ஒன்று உதிர்ந்திருக்கிறது, மூடி வேறொன்றினுடையது. மேசை மேல் வைத்துவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன், ஒரு கோடுகூட வீண் இல்லை.

இந்தப் பாத்திரங்கள் நம் கைக்கு எப்படி வந்தன என்பதும் சொல்ல வேண்டியது. ஒரு பெரிய வழி, ஏலம். கப்பலை உடைக்க அனுப்பும் முன் உள்ளே இருப்பதை எல்லாம் விற்பார்கள். 1907-ல் இருந்து ஓடிய மாரிடானியாவின் பொருள்கள் 1935 மே மாதம் சௌதாம்ப்டனில் ஏலம் போயின, ஒலிம்பிக்கின் பொருள்கள் அதே வருடக் கடைசியில். சுவர்ப் பலகைகள், படிக்கட்டுக் கைப்பிடிகள் எல்லாம் போயின. ஒலிம்பிக்கின் மரவேலைப்பாடுகளை இன்றும் ஆல்ன்விக் ஊரில் வொயிட் ஸ்வான் ஹோட்டலின் சாப்பாட்டு அறையில் பார்க்கலாம். பிரெஞ்சுக் கப்பல் நார்மண்டி வேறு மாதிரி. 1942 பிப்ரவரியில் நியூயார்க்கில் தீப்பிடித்துக் கவிழ்ந்தது, ஆனால் போர்ப் படைகளை ஏற்றும் கப்பலாக மாற்றுவதற்காக அலங்காரப் பொருள்களில் பெரும்பகுதியை அதற்கு முன்பே இறக்கியிருந்தார்கள். அதனால்தான் அந்தக் கப்பல் போன பிறகும் அதன் மேசைப் பொருள்கள் உலகத்தில் இருக்கின்றன. ஜான் லூஸ் வடிவமைத்த கண்ணாடிப் பாத்திரங்கள், கிறிஸ்தோஃபிள் வெள்ளிப் பூச்சுக் கரண்டிகள் எல்லாம் அந்தக் கப்பலுக்கு. அந்த நேர்க்கோட்டு அழகில் மயங்கியவர்கள் அதை மட்டுமே சேர்ப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு, பயணிகளும் ஊழியர்களும் ஞாபகத்துக்கு என்று எடுத்துப்போனவை. ஆஷ்ட்ரே, சின்ன சாசர், வெண்ணெய்த் தட்டு என்று பைக்குள் அடங்கும் அளவில் அதிகம் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. பெரிய சூப் கிண்ணத்தை யார் கோட்டுக்குள் மறைப்பது?

மூன்றாவது வழியைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் மாறிவிடும். மூழ்கிய கப்பல்களில் இருந்து எடுத்தவை. 1956 ஜூலையில் ஸ்டாக்ஹோம் கப்பல் மோதி நான்டுக்கெட் தீவுக்கு அப்பால் மூழ்கிய இத்தாலியக் கப்பல் ஆண்ட்ரியா டோரியா எழுபது மீட்டருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. அதில் ரிச்சர்ட் ஜினோரி நிறுவனத்தின் பீங்கான் இருந்தது. அந்தத் தட்டை ஒரு வெற்றிச் சின்னமாக எடுத்துவர எத்தனையோ முக்குளிப்பவர்கள் போனார்கள், ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்கள் அந்தக் கப்பலில் உயிரை விட்டிருக்கிறார்கள். கனடாவின் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் 1914 மே 29 அன்று எம்ப்ரஸ் ஆஃப் அயர்லாந்து பதினான்கே நிமிடத்தில் மூழ்கியது, இறந்தவர்கள் 1,012 பேர். 1964-ல் அதைக் கண்டுபிடித்ததில் இருந்து, 1999-ல் கியூபெக் அரசு சட்டப் பாதுகாப்புக் கொடுக்கும் வரை, அள்ளிக்கொண்டு போனவர்கள் ஏராளம். பலரின் எலும்பு இன்னும் உள்ளே கிடக்கும் இடத்தில் கோப்பை பொறுக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. சட்டப்படி எடுத்ததா, இல்லையா என்று பிரித்துப் பேசுபவர்கள் உண்டு, அவர்கள் வாதமும் எனக்குத் தெரியும். பிரிட்டனில் சிதைவில் இருந்து எதை எடுத்தாலும் 28 நாளுக்குள் அதற்கென உள்ள அதிகாரியிடம் சொல்ல வேண்டும், அப்படிச் சொன்னதற்கான தாளும் பொருளோடு வரும். ஆனாலும் நான் வாங்குவதில்லை. ஒரே ஒருமுறை கை நீட்டினேன். அழகான சாசர், விளிம்பில் சிப்பி ஒட்டியிருந்த தடம் இருந்தது. விற்பவர் கப்பலின் பெயரைச் சொன்னதும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எந்தக் கப்பல் என்று தெரிந்ததாலேயே வேண்டாம் என்று நான் சொன்ன பொருள் அது ஒன்றுதான்.

உங்களிடம் ஏற்கனவே அப்படி ஒன்று பரம்பரையாக வந்திருந்தால் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், பத்திரமாக வையுங்கள். கடலில் கிடந்த பீங்கானில், குறிப்பாக மெருகு வெடித்த பீங்கானில், உப்பு உள்ளே இறங்கியிருக்கும். அப்படியே காயவிட்டால் அந்த உப்பு படிகமாகிப் பெருத்து மெருகைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் பொறுமையாக உப்பை வெளியே எடுக்க வேண்டும். அருங்காட்சியகங்களில் அதைத்தான் செய்கிறார்கள்.

கரையில் இருந்து வந்த தட்டுகளுக்கு அவ்வளவு வேலை இல்லை. பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு துண்டை விரித்து, வெதுவெதுப்பான தண்ணீர், துளி சோப்பு, ஒரு நேரத்தில் ஒரு தட்டு. தங்கக் கோட்டை அழுத்தித் தேய்க்கவே கூடாது. கறையைப் பார்த்துவிட்டு குளோரின் பிளீச் ஊற்றுபவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், வேண்டாம். அது மெருகின் விரிசல்களுக்குள் போய் உட்கார்ந்து உள்ளிருந்து தின்னும், இன்று வெள்ளையாகத் தெரியும், நாளை பொருக்குப் பொருக்காக உதிரும். தட்டுகளை அடுக்கினால் நடுவே மெத்தென்ற துணியோ தாளோ வையுங்கள். கோப்பைகளைக் கைப்பிடியில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், நூறு வருடத்துக் கைப்பிடி அந்தக் கனத்தை ஒருநாள் விட்டுவிடும். சுவரில் மாட்டும் ஸ்பிரிங் கம்பிகள் விளிம்பை இறுக்கி நெரிக்கும், அதில் ஒரு நல்ல தட்டை இழந்தேன். அப்புறம் இவற்றில் சாப்பிடாதீர்கள், பழைய மெருகிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாம், பார்த்தால் தெரியாது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் யோசனை, ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள், புகழ்பெற்ற கப்பலை எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹாலந்து அமெரிக்கா, கனேடியன் பசிபிக், பி அண்ட் ஓ, எதுவானாலும் சரி. அதன் கொடி எப்போது மாறியது, எந்தச் சூளைக்காரர்களிடம் வாங்கினார்கள், எந்த வேலைப்பாடு எந்த வகுப்புக்கு என்று படித்துக்கொண்டே வாங்குங்கள். உடைந்த சாசரை வாங்க வெட்கப்படாதீர்கள். உடைந்த இடத்தில்தான் களிமண்ணின் உண்மையான நிறமும் மெருகின் கனமும் தெரியும், எனக்குப் பாதிப் பாடம் அப்படி உடைந்தவற்றில் இருந்து வந்ததுதான்.

என் அலமாரியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சின்ன அட்டை உண்டு. கம்பெனி, வகுப்பு, செய்தவர், வருடம், கப்பல் என்று ஐந்து வரி. போன வாரம் அட்டைகள் மஞ்சளாகிவிட்டன என்று எல்லாவற்றையும் புதிதாக எழுதினேன், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காயாத மையைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தார். வெள்ளைக் குவளையின் முறை வந்தது. ஒயிட் ஸ்டார் லைன், மூன்றாம் வகுப்பு என்று எழுதினேன். செய்தவர் முத்திரை இல்லை, அதையும் எழுதினேன். வருடம், 1934-க்கு முன். கடைசி வரியில் 'கப்பல்' என்று எழுதி நிறுத்திவிட்டு, மற்ற அட்டைகளில் போலவே அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். அம்மா அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே பென்சிலால் 'குடித்தவர்' என்று இன்னொரு வரி சேர்த்து, அதையும் வெறுமையாக விட்டு, குவளைக்கு முன்னால் நிறுத்தி வைத்தார்.